மாரிக்கு ஒதுங்கிய கப்பல்கள்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பாலிலே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த ஊர் கிண்ணியா. அவ்வூர் மக்களுக்கு வயலும் கடலும் இரு கைகள் போன்றவை. மத்திய மலைநாட்டிலே பிறக்கும் மகாவலி கங்கை, நெடுவழி நடந்து, இவ்வூருக்கு அணித்தாகவே கடலோடு கலக்கின்றது. வடக்கே நோக்கினால் தம்பலகாமக் குடாவின் வாயும், அதற்கு அப்பால் சீனன்குடாவின் கரையும் கண்ணுக்குத் தோன்றும். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே பாலம் திறந்துவைக்கப்படும் வரை, இக்கரையிலிருந்து அக்கரைக்குச் செல்லவேண்டியோர் 'பாதை' என வழங்கும் மிதவையிலேயே சென்றனர். பாதைக்குக் காத்துநின்ற எத்தனையோ தலைமுறையினர் வடக்கே நோக்கி நின்றவாறு, துறைமுகத்துக்கு வந்து செல்லும் கப்பல்களை எண்ணியிருப்பர்.

அவ்வாறு வந்த கப்பல்கள் பல நாட்டவை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இத்துறையை விரும்பினர். இரண்டாவது உலக மகாயுத்தத்திலே அமெரிக்கரும் அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் இங்கு வந்து கூடினர். அவர்கள் அனைவரையும் இங்கே அழைத்துவந்தது எது? வணிகம் என்பர் சிலர். அரசியல் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. எனினும், இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு காரணம் உண்டு. அதுதான் மாரி.

கிண்ணியாவின் கடற்றொழிலாளர் காற்றை நான்காகப் பகுத்துப் பெயரிட்டு வழங்குவர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்பன அவை. இவற்றுள் வாடை வீசுங்காலமே கீழ்க்கரைக்கு மாரிகாலம். ஒக்டோபர் முடிவிலே கருக்கொள்ளும் மழை, நவம்பர் டிசெம்பர் மாதங்களில் அடைமழையாகப் பொழியும். திறந்த கடல் கொந்தளிக்கும், கரைவலைகள் கரையேறும். ஐரோப்பியருக்குக் குளிர்காலம் என்றால் உறைபனி. இங்கே குளிர்காலம் என்றால் மழையும் அலையும். ஆனால் அந்த மழையிலும் அலையிலுங்கூடத் திருகோணமலையின் உட்டுறை குளம்போல் அமைந்து கிடக்கும். குன்றுகள் அதனை வளைத்துக் காற்றைத் தடுக்கின்றன. கரையை அடுத்தே நீர் மிக ஆழமாதலால், பெரிய கப்பல்களும் அச்சமின்றி உட்புகலாம்.

இவ்வியல்பின் அருமையை உணரவேண்டுமாயின், எதிரேயுள்ள சோழமண்டலக் கரையை நோக்கவேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் கடலூரிலும் அக்காலத்திலே காற்றுக்கு மறைவான துறைமுகம் ஒன்றேனும் இருக்கவில்லை. கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரமிட்டு நிற்க, சிறு தோணிகளே ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. வாடைக்காற்றுத் தொடங்கியதும் அங்கே நிற்பது ஆபத்தாயிற்று. 1746 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, சென்னையைக் கைப்பற்றி மகிழ்ந்திருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் ஒரே புயலிலே சிதறுண்டன. பகைவரின் பீரங்கி செய்யாததை ஓரிரவுக் காற்றுச் செய்துமுடித்தது. அதன்பின் சோழமண்டலக் கரையிலே போரிட்ட ஒவ்வொரு கடற்படைத் தளபதியும் மாரிக்கு எங்கே ஒதுங்குவது என்ற கேள்விக்கு விடை தேடவேண்டியவரானார். மேற்கே பம்பாய் நெடுந்தூரத்தில் இருந்தது. அருகே இருந்தது திருகோணமலை.

1782 ஆம் ஆண்டு இத்துறை ஓராண்டுக்குள் இருமுறை கைமாறியதன் காரணம் இதுவே. சனவரியிலே ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இதனைப் பறித்தனர். ஓகஸ்ட் மாத முடிவிலே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். சில நாட்களின் பின், செப்டெம்பர் 3 ஆம் நாள், ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூஸ் என்பவருக்கும் சுப்ரேனுக்கும் இத்துறைக்கு வெளியே கடும் போர் நிகழ்ந்தது. வியப்பு யாதெனில், இவ்வளவு பாடுபட்டுத் துறையைப் பெற்ற சுப்ரேன் அவ்வாண்டு மாரியை இங்கே கழிக்கவில்லை. சுமாத்திராத் தீவின் வடகோடியிலுள்ள அச்சே என்னும் இடத்துக்குச் சென்றார். பெருங்கடற்படை ஒன்றின் ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கு வேண்டிய உணவு, அக்காலத்துத் திருகோணமலையில் எளிதிற் கிடைக்கக்கூடியதாய் இல்லை.

இந்நிகழ்ச்சி ஒரு பாடத்தைத் தருகின்றது. மறைவான துறை மட்டும் ஒரு கடற்படைத் தளம் ஆகிவிடாது. அத்துறைக்குச் சோறிடும் சுற்றூர்களும், சுமை தூக்கும் தோள்களும், வழிகாட்டும் தோணிக்காரரும் வேண்டும். தளங்களைப் பற்றிய வரலாறுகளிலே தளபதிகளின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. சோறிட்ட ஊர்களின் பெயர்கள் அருமையாகவே காணப்படுகின்றன. தம்பலகாமத்து வயல்களும் கிண்ணியாவின் எருமைப் பட்டிகளும் கொட்டியாரத்து மீன்பாடும் அவற்றுள் இடம்பெறுவது அதனினும் அருமை.

1795 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இத்துறையை மீண்டும் கைப்பற்றினர். அதன்பின் 162 ஆண்டுகள் அது அவர்கள் வசமே இருந்தது. எனினும், காய்ச்சலும் காடும் சூழ்ந்த இவ்விடத்திலே நகரம் விரைந்து வளரவில்லை. பெருமாற்றம் இருபதாம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டது. போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெயிற்கு மாறியபோது, கீழ்க்கடலிலே எண்ணெய் சேமித்துவைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. சீனன்குடாவின் காட்டிடையே, 1920 ஆம் ஆண்டுகளிலிருந்து, பிரமாண்டமான எண்ணெய்க்குதங்கள் எழுந்தன. அவை மொத்தம் 101. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பன்னீராயிரம் கிலோலீற்றர் எண்ணெய் கொள்ளவல்லது. 1927 ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதையும் திருகோணமலையை எட்டியது. சீனன்குடாவிலே விமானத்தளம் அமைந்தது. கிண்ணியாவின் கரையிலிருந்து நோக்கியவர்களுக்கு, அக்கரைக் காடு மெல்ல மெல்ல இரும்பும் தாரும் பூசிக்கொள்வது புலனாயிற்று.

இவ்வளவு அமைத்தும், பிரித்தானியரின் முதன்மையான நம்பிக்கை சிங்கப்பூரின்மீதே இருந்தது. 1942 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. கீழ்த்திசைக் கடற்படைக்கு இலங்கையே புகலிடமாயிற்று. பர்மாவும் விரைவிலே வீழ, அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசியும் நின்றது. நாட்டிலே பங்கீட்டு முறை வந்தது. துறையிலே கப்பல்களும் கரையிலே படைவீரரும் பெருகப் பெருக, உணவோ அருகியது. சுப்ரேன் 1782 இல் எதிர்நோக்கிய இடர்ப்பாடு, 160 ஆண்டுகளின் பின் வேறோர் உருவிலே மீண்டும் தோன்றியது. உள்ளூர் வயலில் விளைந்த ஒவ்வொரு மூடை நெல்லும் அந்நாளிலே படைக்கலம் போன்ற மதிப்புடையதாயிற்று.

ஏப்பிரல் மாதம் 4 ஆம் நாள், தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல், யப்பானியப் பெருங்கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் வீழ்த்தப்பட்டது, அவரும் சிறைப்பட்டார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாட்களின் பின், ஏப்பிரல் 9 ஆம் நாள் காலையிலே, நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் திருகோணமலையின் மீது வந்தன. துறைமுகமும் கப்பற்றளமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. எண்ணெய்க்குதம் ஒன்றின்மேல் விமானம் ஒன்று வீழ்ந்து, எழுந்த தீ பல நாட்கள் எரிந்தது. துறைமுக ஊழியர் பலர் நகரைவிட்டு அகன்றனர்.

அன்று பகலிலேயே, தெற்கே மட்டக்களப்புக் கடலிலே மற்றோர் அவலம் நிகழ்ந்தது. முன்னிரவு திருகோணமலையை விட்டு வெளியேறிய 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன் தட்டிலே விமானம் ஒன்றேனும் இல்லாத நிலையில், திரும்பி வரும் வழியிலே யப்பானியர் கண்ணிற் பட்டது. சில நிமிடங்களுள் அது மூழ்கியது. 307 பேர் மாண்டனர். அதனோடு துணைசென்ற அவுஸ்திரேலியக் கப்பல் 'வம்பயர்' என்பதும் மூழ்கியது. மருத்துவக் கப்பலாகிய 'வீற்றா' ஏறத்தாழ 600 பேரை நீரிலிருந்து மீட்டது. தளம் என்பது பாதுகாப்பைத் தருவது என்று எண்ணியிருந்தோருக்கு, தளமே பகைவரை அழைத்துவரும் என்ற உண்மை அன்று விளங்கியது. கிண்ணியா மக்கள் எவர்மீதும் போர் தொடுத்தவரல்லர். எனினும், அவர்களது வானத்திலேயே அப்போர் நிகழ்ந்தது.

இத்தாக்குதலின் பின் கடற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள மொம்பாசாவுக்கு விலகிச்சென்றது. 1944 ஆம் ஆண்டு சனவரியிலே, மாரி ஓயும் காலத்திலே, அது வலிமை பெற்று மீண்டும் திருகோணமலைக்கு வந்தது. சேர் ஜேம்ஸ் சோமவில் அதற்குத் தலைமை தாங்கினார். இக்காலத்திலிருந்து ஏறத்தாழ ஓராண்டு, இத்துறை பல நாட்டுக் கடற்படைகளின் பள்ளிக்கூடமாக விளங்கியது என்று கூறுவது மிகையாகாது.

அப்பள்ளியிலே முதற்பாடம் புகட்ட வந்தது 'சரட்டோகா' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். பசிபிக் சமுத்திரத்திலே யப்பானியருடன் பொருது பழகிய அதன் விமானிகள், 'இலஸ்திரியஸ்' என்னும் பிரித்தானியக் கப்பலின் விமானிகளோடு சேர்ந்து பயின்றனர். பிரித்தானியர் அதுவரை அத்திலாந்திக்கிலும் மத்தியதரைக் கடலிலும் போரிட்டவர்கள். அங்கே பெரும்பாலும் சிறு சிறு விமானக் கூட்டங்களே போதுமாயிருந்தன. பசிபிக் போரோ பல கப்பல்களிலிருந்து ஒரே வேளையில் பல பத்து விமானங்களை எழுப்பி, அணிவகுத்து, ஒரே இலக்கை நோக்கிச் செலுத்தும் முறையது. எத்தனை நிமிடங்களில் ஒரு கப்பலின் தட்டிலிருந்து விமானங்களை எழுப்பலாம், எழுந்தவை எங்கே கூடுவது, திரும்புகையிலே எந்த ஒழுங்கில் இறங்குவது என்பன எல்லாம் கற்கவேண்டியனவாயின. ஏப்பிரல் 19 ஆம் நாள் சுமாத்திராவின் வடகோடியிலுள்ள சபாங் துறை தாக்கப்பட்டபோது, பிரித்தானியரோடு அமெரிக்கர், பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர், அவுஸ்திரேலியர், நியூசிலாந்தர் ஆகியோரின் கப்பல்களும் திருகோணமலையிலிருந்து ஒருங்கு சென்றன. 1782 இலே இதே துறைக்காகத் தம்முள் பொருத மூன்று நாட்டவர், 1944 இலே இதே துறையிலிருந்து ஒரே அணியாகச் சென்றனர்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே இரு நிகழ்ச்சிகள் தொடர்ந்து நடந்தன. 8 ஆம் நாள், துறைமுகத்திலிருந்த மிதக்கும் கப்பற்கூடம் 'வலியன்ற்' என்னும் பெரும் போர்க்கப்பலைத் தூக்கும்போது முறிந்து அமிழ்ந்தது. கப்பலும் பழுதுற்றது. இரு நாட்களின் பின், சீனன்குடாவின் நீட்டப்பட்ட ஓடுபாதையிலிருந்து அமெரிக்காவின் மிகப் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் எழுந்து, சுமாத்திராவின் பலம்பாங்கிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கித் திரும்பின. அம்மகாயுத்தத்தின் மிக நீண்ட குண்டுவீச்சுப் பயணங்களுள் அஃதொன்று. அந்த எந்திரங்களின் முழக்கம் நீரைக் கடந்து கிண்ணியாவுக்கு எட்டுவதற்குச் சில கணங்களே போதும்.

பின்னர் வந்தது அந்த மாரிகாலம். 1944 நவம்பர் 22 ஆம் நாள் கீழ்த்திசைக் கடற்படை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி சேர் ஆதர் பவர் தலைமையிலே இந்து சமுத்திரத்திற்கென நின்றது. மற்றப் பகுதி சேர் புறூஸ் பிரேசர் தலைமையிலே பிரித்தானியப் பசிபிக் கடற்படை எனப் பெயர்பெற்றது. 'இன்டொமிற்றபிள்', 'விக்டோரியஸ்', 'இலஸ்திரியஸ்', 'இன்டிபற்றிகபிள்' என்னும் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களே அதன் உயிர்நாடி. அமெரிக்கரோடு தோளொத்துப் போரிடவேண்டுமாயின், முதலில் அவர்களுடைய முறைகளை அறியவேண்டும். ஒரே ஆங்கில மொழியைப் பேசினும் இரு கடற்படைகளும் கொடிக்குறியிலும் ஒளிக்குறியிலும் வேறுபட்டிருந்தன. பிரித்தானியர் தம் சமிக்ஞைப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு அமெரிக்க முறையைப் பயின்றனர்.

இன்னொரு பாடம் கடலிலேயே எண்ணெய் நிரப்புவது. பசிபிக் சமுத்திரத்திலே துறைமுகங்கள் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தன. ஓடும் கப்பலுக்கு ஓடும் கப்பலிலிருந்தே எண்ணெய் கொடுக்கவேண்டும். அமெரிக்கர் இரு கப்பல்களையும் பக்கம் பக்கமாகச் செலுத்தி விரைவிலே நிரப்புவர். பிரித்தானியரோ எண்ணெய்க் கப்பலின் பின்னே நீரில் மிதக்கும் குழாயைப் பற்றி நிரப்பும் வழக்கமுடையர். அது மெதுவானது, அலை உயர்ந்தால் குழாய் அறுவதும் உண்டு. வாடைக்காற்றுக் கொந்தளிக்கும் கடலிலே இதனைப் பயின்ற மாலுமிகளுக்கு, வங்கக் கடலின் மாரி கடுமையான ஆசிரியராயிற்று.

பயிற்சியோடு பயிற்சியாகவே போரும் நிகழ்ந்தது. டிசெம்பர் 20 ஆம் நாள் சுமாத்திராவின் பங்கலான் பிராந்தான் எண்ணெய் நிலையத்தைத் தாக்கச் சென்ற விமானங்கள், மழைமேகம் இலக்கை மறைத்தமையால், பெலவான் துறையைத் தாக்கித் திரும்பின. பதினைந்து நாட்களின் பின், 1945 சனவரி 4 ஆம் நாள், வானம் தெளிந்திருந்தது. முன்பு தப்பிய இலக்கு அன்று தாக்கப்பட்டது. சனவரி 16 ஆம் நாள் அக்கடற்படை திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. வழியிலே பலம்பாங்கை இருமுறை தாக்கி, பெப்ரவரியிலே அவுஸ்திரேலியாவை அடைந்தது. மாரிக்கு வந்தவர்கள் மாரி முடிவதற்குள் சென்றுவிட்டார்கள். அங்கே பயின்ற இளைஞருட் பலர் மீண்டும் தம் வீட்டைக் கண்டதில்லை. நிலாவெளிச் சாலையோரத்திலுள்ள போர்வீரர் மயானத்திலே முன்னூறு அளவினர் துயில்கின்றனர். கடலிலே போனவர்களுக்கு அந்தக் கல்லும் இல்லை.

உயிரோடு வீடு திரும்பியவர்கள் தம் நினைவுகளை எழுதினர். திருகோணமலையைத் தளமாகக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைச் செலுத்திய எட்வேட் யங் என்பவர் 1952 ஆம் ஆண்டிலே எழுதிய நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. 'இலஸ்திரியஸ்' கப்பலின் விமானியாயிருந்த நோமன் ஹன்சன் தம் அனுபவங்களை நூலாக்கினார். இலங்கையிலே விமானப்படை உத்தியோகத்தராய்ப் பணிபுரிந்த மைக்கல் ரொம்லின்சன், 1942 ஏப்பிரல் நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1976 இலே ஒரு நூல் வெளியிட்டார். 2003 முதல் 2006 வரை பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அந்நாட்டு மக்களின் போர்க்கால நினைவுகளைச் சேகரித்தபோது, ஏறத்தாழ 47,000 குறிப்புகள் வந்து குவிந்தன. பெருந்தளபதிகளின் வாழ்க்கை வரலாறுகளுக்கு அருகே, சமையற்காரரும் எந்திரவினைஞரும் தாதியரும் கூறிய சொற்களும் இவ்வாறு காப்பாற்றப்பட்டன.

கரையிலே நின்றவர்களின் நினைவுகள் யாவை? ஒரு பெருங்கடற்படை இத்துறையிலே தங்குவதற்கு ஆயிரக்கணக்கான உள்ளூர்க் கைகள் உழைத்தன. கப்பற்றளத்தின் ஊழியர் சிலர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்; சிலர் சுற்றூர்களைச் சேர்ந்தவர். சரக்கு ஏற்றியவர், காடு வெட்டியவர், ஓடுபாதைக்குக் கல் சுமந்தவர், மீனும் தயிரும் நெல்லும் கொணர்ந்தவர் எனப் பலவகையினர் இதிற் பங்குகொண்டனர். அவர்களது நாட்குறிப்புகள் அச்சேறவில்லை. அவர்களுடைய நினைவுகள் திண்ணையிலும் தோணியிலும் வாய்மொழியாகவே வாழ்ந்தன. வாய்மொழி நினைவுக்கு ஒரு மனித ஆயுளே எல்லை.

போர் முடிந்தபின் தளம் மூடப்படவில்லை. 1947 நவம்பரிலே கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, 1948 பெப்ரவரி 4 இலே நாடு சுதந்திரம் அடைந்த பின்னரும் பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. 1950 டிசெம்பர் 9 ஆம் நாள் அரச இலங்கைக் கடற்படை உருவாயிற்று. மறு ஆண்டு 'விஜய' என்னும் கப்பல் அதற்குக் கிடைத்தது. அப்பத்தாண்டிலே திருகோணமலைக் கடலில் பொதுநலவாய நாடுகளின் கடற்படைகள் கூட்டுப் பயிற்சிகள் நடத்தின. பிரித்தானியாவும் இந்தியாவும் பாக்கிஸ்தானும் இலங்கையும் அவற்றிற் பங்குகொண்டன. நிலத்திலே காஷ்மீருக்காகப் பொருது ஓய்ந்திருந்த இந்தியாவும் பாக்கிஸ்தானும் இக்கடலிலே ஒரே அணியிற் பயின்றமை, இக்காலத்தவருக்கு நம்புதற்கரிய செய்தி. கூட்டுப் பயிற்சி என்பது நட்பை உண்டாக்கிவிடும் என்பதற்கு அப்பிந்திய வரலாறு சான்றளிக்கவில்லை. ஆயினும், ஒருவர் குறிப்பை மற்றவர் விளங்கிக்கொள்ளும் பழக்கம் ஒரு காலத்தில் இங்கே இருந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

1956 ஆம் ஆண்டுத் தேர்தலிலே எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமரானார். அந்நியத் தளங்கள் நாட்டின் சுதந்திரத்துக்குக் குறை என்பது அவர் கொள்கை. தளம் இருக்கும்வரை, தளத்தையுடையவரின் பகைவர் நாட்டுக்கும் பகைவரே என்ற வாதத்துக்கு, 1942 ஏப்பிரலே உரையாக நின்றது. பேச்சுவார்த்தையின் பயனாக, 1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. துப்பாக்கி முழங்காமல், ஒரு கொடி இறங்க ஒரு கொடி ஏறியது. அந்தத் தேதி மற்றொரு மாரியின் தொடக்கம் என்பதையும் கவனிக்கலாம்.

நாட்டுக்குப் பெருமை தந்த அந்நாள், தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளருக்குக் கவலை தந்தது. நூறாண்டுக்கு மேலாக ஒரு கடற்படையின் தேவைகளைச் சுற்றியே வளர்ந்த நகரம், அக்கடற்படை சென்றபின் வேறு தொழிலைத் தேடவேண்டியதாயிற்று. வேலையிழந்தோர் பலர். கிண்ணியா போன்ற ஊர்களுக்கு அந்த வீழ்ச்சி ஒப்புநோக்கிற் குறைவாகவே இருந்திருக்க வேண்டும். வயலும் வலையும் கப்பலோடு சென்றுவிடுவன அல்ல. அடுத்த மாரி பெய்தபோது உழவு தொடங்கியது. வாடை ஓய்ந்தபோது வலை இறங்கியது. தளத்தை முற்றும் நம்பிய இடத்துக்கும், தளத்துக்கு உதவியும் தன் தொழிலைக் கைவிடாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

யுத்தம் விட்டுச்சென்றவற்றுள் ஒன்று வானொலி நேயர்களுக்கு நெருங்கிய தொடர்புடையது. தென்கிழக்காசியப் படைகளிலிருந்த வீரருக்காகக் கொழும்பிலிருந்து ஒரு வானொலி நடத்தப்பட்டது. அதன் ஆற்றல்மிக்க ஒலிபரப்பி ஏகலையில் அமைந்திருந்தது. 1949 ஆம் ஆண்டிலே அது இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழகத்தின் பட்டிதொட்டிகளிலெல்லாம் இலங்கை வானொலியின் தமிழ் ஒலித்ததற்கு, படைவீரருக்காக நாட்டப்பட்ட அந்த ஒலிபரப்பியும் ஒரு காரணம். வீட்டை நினைத்து ஏங்கிய அந்நிய இளைஞருக்காக அமைந்த கருவி, பின்பு வீட்டிலிருந்தோருக்குப் பாட்டும் பேச்சும் கொணர்ந்தது.

இன்று சீனன்குடாவிலே இலங்கை விமானப்படையின் கல்விக்கழகமும், திருகோணமலையிலே கடற்படையின் கல்விக்கழகமும் இயங்குகின்றன. 101 எண்ணெய்க்குதங்களுள் 99 நின்று நிலைக்கின்றன. அவற்றைப் பற்றிய பேச்சு 1987 யூலை 29 ஆம் நாள் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களிலும் இடம்பெற்றது. 2022 சனவரியில் அவற்றுட் பலவற்றை இருநாட்டு நிறுவனங்களும் கூட்டாக அபிவிருத்தி செய்யும் உடன்பாடு கைச்சாத்தானது. 2020 ஒக்டோபரிலே இந்தியக் கடற்படையும் இலங்கைக் கடற்படையும் இக்கடலிலே கூட்டுப் பயிற்சி நடத்தின. ஆதிக்கம் செலுத்துவோர் மாறினர். கப்பல்களின் வடிவம் மாறியது. துறையின் மறைவும் மாரியின் வருகையும் மாறவில்லை. ஆகவே, இத்துறையைப் பெரிய நாடுகள் விரும்புவதும் ஓயவில்லை.

1944 ஆம் ஆண்டு மாரியிலே இருபது வயதினராய்க் கப்பற் தட்டிலே நின்றவர்கள் இன்று நூறு வயதைக் கடந்திருப்பர். அவர்களுள் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்களுடைய நினைவுகளோ நூல்களிலும் ஆவணங்களிலும் பத்திரமாயுள்ளன. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் காலையிலே பத்து வயதுச் சிறுவனாய்க் கிண்ணியாக் கரையில் நின்று வடக்கே எழுந்த புகையைக் கண்டவருக்கு இன்று தொண்ணூறு வயதுக்கு மேலாகின்றது. அத்தகைய முதியவர் ஒருவர் எந்த வீட்டுத் திண்ணையிலேனும் இருப்பாராயின், அவரருகே அமர்ந்து கேட்பதற்குப் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் சில மாரிகளே உண்டு. அன்று எங்கே ஓடி ஒளித்தார்கள், பாதை ஓடியதா நின்றதா, தோணிக்காரர் என்ன செய்தனர், கூப்பன் அரிசி எவ்வளவு கிடைத்தது, பின்பு தளம் மூடியபோது வீட்டில் யார் வேலையிழந்தார் என்று கேட்கலாம். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். ஊர்ப் பாடசாலையும் பள்ளிவாசலும் கோவிலும் நூல்நிலையமும் அந்தக் கொப்பிகளைச் சேர்த்துவைக்கலாம்.

கொட்டியாரக் குடாவின் வரலாற்றிலே 1660 ஆம் ஆண்டு ஒரு பாடம் ஏற்கெனவே உண்டு. அவ்வாண்டு இக்குடாவின் கரையிலே கண்டியரசன் ஆட்களாற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச்சென்று எழுதிய நூலைக்கொண்டே அக்காலத்து இலங்கை மக்களின் வாழ்க்கையை இன்றும் உலகம் அறிகின்றது. வந்தவர் எழுதினார், இருந்தவர் எழுதவில்லை. அந்தக் குறை மூன்றரை நூற்றாண்டாக நீடிக்கின்றது. மாரிக்கு ஒதுங்கியவர்கள் மழை விட்டதும் சென்று, தாம் ஒதுங்கிய வீட்டைப் பற்றி எழுதிவிட்டனர். இனி எழுதவேண்டியவர் வீட்டுக்காரரே.